டிடெக்ட் ஆகாத டிஸ்க்கும் தனுஷ்கோடி உப்பும்

ராமேஸ்வரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் கையில் முதலில் இருக்க வேண்டியது பூதக்கண்ணாடி. ஸ்க்ரூ டிரைவர் அப்புறம்தான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மேஜையில் வைத்து "அண்ணே, டிடெக்ட் ஆகல" என்று சொன்னதும், தொழிலுக்குப் புதிதாக வந்த பையன்கள் நேராக அதைத் தங்கள் லேப்டாப்பில் சொருகிப் பார்ப்பார்கள். என் கடையில் வேலை பழக வரும் பிள்ளைகளை நான் அப்படிச் சொருக விடுவதில்லை. கேபிளின் இரண்டு முனைகளையும் டிஸ்க்கின் போர்ட்டையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கொண்டுவந்தவரை உட்கார வைத்துப் பேச வேண்டும். கடைசியாக எப்போது வேலை செய்தது, எங்கே கொண்டு போனீர்கள், விழுந்ததா, நனைந்ததா, இதற்கு முன் யாராவது கை வைத்தார்களா? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் சொருகுவது.

காரணம் இந்த ஊர்க் காற்று. தனுஷ்கோடி மணல்திட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மோதுவதை ஆண்கடல் என்பார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை ஈரத்தைக் கொண்டுவரும். எந்தப் பக்கம் அடித்தாலும் கூடவே உப்பு வரும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை இந்த உப்பு ஓயாமல் அரித்தது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகம் எப்படி அரிபடுகிறது என்று சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் நம் மண்டபமும் ஒன்று. பாலத்துக்கே இந்தக் கதி என்றால், யுஎஸ்பி முனையில் நிக்கலுக்கு மேல் பூசியிருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போகவேண்டிய இடத்துக்கு இன்று காரே போகிறது. கல்யாண ஜோடிகளைப் படமெடுக்க வருகிறவர்கள், இடிந்த தேவாலயத்தை ட்ரோனில் எடுக்கிறவர்கள், குளிர்காலத்தில் பூநாரை எடுக்க வந்து நாள்கணக்கில் தங்குகிறவர்கள் எல்லோரும் காரிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து, கேமரா கார்டிலிருந்து டிஸ்க்குக்கு ஏற்றுகிறார்கள். கார்க் கண்ணாடி இறங்கியிருக்கும். மாலையில் லாட்ஜ் ஏசியில் டிஸ்க் குளிர்ந்து கிடக்கும், விடிகாலையில் மறுபடி ஈரக் காற்றுக்கு வரும். குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் வியர்த்து நிற்கும்போது அதில் உப்பும் கரைந்து நிற்கும். மறுநாளே தெரியாது. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து எடுத்தால் டிஸ்க் லேப்டாப்பில் காட்டாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ரேடியோ கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். ஹார்ட் டிஸ்க் அவர் கையில் வந்தது கடைசிக் காலத்தில்தான். ஆனால் டிஸ்க் பார்க்க எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் ரேடியோ பார்த்த விதத்திலிருந்து வந்தது. இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்காத வீடு அந்தக் காலத்தில் இல்லை. 'சரியா எடுக்கல' என்று செட்டைத் தூக்கிக்கொண்டு பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்தெல்லாம் வருவார்கள். மற்ற கடைகளில் டிரான்சிஸ்டரை மாற்றுவார்கள், காயிலை மாற்றுவார்கள். வாத்தியார் பின்மூடியைக் கழற்றி பேண்ட் சுவிட்சைத்தான் முதலில் பார்ப்பார். "சாமான் கெட்டுப்போறது கம்மி தம்பி. ரெண்டு சாமான் தொடுற இடம்தான் கெட்டுப்போகும். தொடுற இடத்தைப் பாரு" என்பார். சுவிட்சின் தகடுகளைச் சுத்தம் பண்ணி, மெதுவாக இரண்டு முறை திருப்பிவிட்டால் கொழும்பு கணீரென்று கேட்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அப்படித் தொடுகிற இடங்கள் வரிசையாக இருக்கின்றன. லேப்டாப் போர்ட்டும் கேபிளும் தொடும் இடம், கேபிளும் டிஸ்க்கும் தொடும் இடம், உள்ளே யுஎஸ்பியைச் சாட்டாவாக மாற்றும் பிரிட்ஜ் போர்டும் டிஸ்க்கின் சாட்டா முனையும் தொடும் இடம், டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் போர்டும் உள்ளே தட்டைப் படிக்கும் ஹெட்டுக்குப் போகும் தகடுகளும் தொடும் இடம். எந்தக் கோளாறாக இருந்தாலும் வெளியிலிருந்து ஒவ்வொரு படியாக உள்ளே வாருங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டாதீர்கள்.

பரவலாகப் புழங்கும் டிஸ்க்குகளில் அகலமான மைக்ரோ-பி வாய்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு அறை. பெரிய அறையில் ஐந்து தகடு, சின்ன அறையில் ஐந்து தகடு. பெரிய அறை பழைய யுஎஸ்பி 2.0 வழி, கரண்ட்டும் இதில்தான் வரும். சின்ன அறை 3.0 வேகத்துக்கானது. நல்ல தகடு மஞ்சளாக மின்னும். உப்புப் பட்டது முதலில் மங்கும், பிறகு ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும், அதற்கும் பிறகு பச்சை கட்டும். சின்ன அறையில் பச்சை கட்டியிருந்தால் டிஸ்க்கில் விளக்கு எரியும், சுற்றும் சத்தமும் கேட்கும், லேப்டாப் டிங் என்று ஒரு முறை சொல்லிவிட்டு உடனே விட்டுவிடும். ஒட்டி ஒட்டி விடும்.

இந்த நிலையில் ஒரு வழி இருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு போனுக்கு வரும் சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிளை எடுத்து அந்தப் பெரிய அறையில் மட்டும் சொருகுங்கள். அது அதில் கச்சிதமாகப் பொருந்தும். டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவுக் கேபிள் உதவாது. சின்ன அறையை விட்டுவிட்டு 2.0 வழியிலேயே டிஸ்க் எழுந்து நிற்கும். வேகம் குறைவு, நொடிக்கு 30, 35 எம்பி வந்தால் அதிகம். ஒரு டிபி முழுக்க எடுக்க எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். உள்ளே இருப்பது ஒரு குடும்பத்தின் கல்யாணம். வெளியூர்ப் படப்பிடிப்புக்காரர் ஒருவர் மூன்று கடைகளில் 'டிஸ்க் செத்துப்போச்சு' என்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். இந்தக் கேபிளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் எல்லாப் படமும் அவர் புது டிஸ்க்கில் இருந்தது.

அடுத்தது சுத்தம் செய்வது. இதில்தான் பழகுகிற பிள்ளைகள் பெரும்பாலும் தவறுகிறார்கள். எடுத்ததும் ஐபிஏவை, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, பிரஷ்ஷில் நனைத்துத் தேய்ப்பார்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், தகடு பளிச்சென்றும் தெரியும், டிஸ்க்கும் எடுக்கும். ஒரு வாரத்தில் அதே ஆள் அதே டிஸ்க்கோடு திரும்பி வருவார். காரணம், உப்பு ஐபிஏவில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, உதறி, ஈரம் மட்டும் இருக்கும்படி தேய்க்க வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு முறை. அதன் பிறகு ஐபிஏ. அது மிச்சமிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். பிரிட்ஜ் போர்டு தனியாகக் கழன்று வந்தால் அதை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழன்று வராத ரகங்களில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே சோல்டர் ஆகியிருக்கும். நட்சத்திர ஸ்க்ரூக்களைக் கழற்றிப் போர்டை டிஸ்க்கிலிருந்து பிரித்துவிட்டுத்தான் ஈரம் கிட்டே வரலாம். பிறகு டேபிள் லைட்டுக்குக் கீழே காயட்டும். ஹாட் ஏர் கன்னைத் தொடாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், அது எச்சில் ஈரம்.

போர்டைப் பிரித்திருக்கும்போதே அதன் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஹெட்டுக்குப் போகும் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். கறுத்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால், அழுத்தாமல், ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ரப்பர்த் தூள் டிஸ்க் பக்கம் போகக்கூடாது. வாத்தியார் இதைச் செய்யும்போது சுண்டுவிரலை மேஜையில் ஊன்றிக்கொள்வார். விரல் ஊன்றாமல் நுணுக்க வேலையில் கை வைத்தால் திட்டுவார். கை நடுக்கம் வந்த வயதிலும் அந்த ஊன்றுதலால்தான் அவரால் மயிரிழைக் கம்பியைச் சோல்டர் பண்ண முடிந்தது.

தொடும் இடமெல்லாம் சுத்தம், ஆனாலும் எடுக்கவில்லை என்றால் கரண்ட்டைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் ஓரிரு நொடியில் 1 ஆம்பியர் வரை கேட்கும். புது லேப்டாப் சமாளித்துவிடும். இந்த ஊரில் நாலைந்து வருடம் இருந்த லேப்டாப்பில் போர்ட்டுக்குள்ளும் உப்பு இருக்கும், வோல்டேஜ் இறங்கிவிடும். குறைந்த விலையில் யுஎஸ்பி மீட்டர் கிடைக்கிறது. நடுவில் அதைப் போட்டு, டிஸ்க் கிளம்பும் நேரத்தில் 5 வோல்ட் 4.5க்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் குற்றம் டிஸ்க் மேல் இல்லை. தனி அடாப்டர் உள்ள பவர்டு ஹப்பில் போடுங்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். டிஸ்க் அங்கே இருக்கிறது, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் ஒரு எழுத்துக் கொடுத்தால் போதும். ஆஃப்லைன் என்று நின்றால் ஆன்லைன் ஆக்கலாம். பார்வைக்கே வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் பழைய பதிவுகளைக் காட்டச்செய்து, மங்கலாகத் தெரியும் அந்த டிஸ்க்கின் பதிவை நீக்கிவிட்டு மறுபடி சொருக வேண்டும். மெஷினை ஷட் டவுன் செய்து திறந்தால் போதாது, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 10, 11இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் பழைய நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் தூங்கும். சிஸ்டமே கரண்ட் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியை அணைத்துவிடுவதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அதற்கு அனுமதி கொடுக்கும் டிக்கை எடுத்துவிடலாம்.

ஆனால் 'ஃபார்மட் செய்யட்டுமா', 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' என்று அது கேட்கிற இடத்தில் கை நிற்க வேண்டும். ஆப்பிள் மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் போட்டாலும் இதே கேள்வி வரலாம். டிஸ்க் முழு ஆரோக்கியமாக இருக்கும், விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவே. வெளிநாட்டுப் படக்காரர்கள் இங்கே லாட்ஜ் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். எஸ் கொடுத்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு பெண் வந்தாள், கல்லூரியில் படிக்கிறவள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த தனுஷ்கோடிப் புயலில் தப்பியவர்கள், அன்று குழந்தையாக இருந்தவர்கள், அவர்கள் வாயால் சொன்னதையெல்லாம் வீடியோவாக எடுத்து ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தாள். பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடி வந்து சேராத கதையைக் கேட்டவர்கள் பலர். ஊருக்குள் இருந்தபடி அன்று கடல் ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. அவள் பதிவு செய்தவர்களில் சிலர் அதற்குள் இறந்தும் போயிருந்தார்கள். டிஸ்க் எடுக்கவில்லை என்று மாமன் மகன் லேப்டாப்பில் போட்டிருக்கிறாள். அது கேட்டிருக்கிறது, அவன் குவிக் ஃபார்மட் கொடுத்துவிட்டான். "அண்ணே, எல்லாம் போயிருச்சா?" என்றாள்.

அவள் செய்த ஒரு நல்ல காரியம், அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் ஒன்றையும் எழுதவில்லை. குவிக் ஃபார்மட் என்பது பைல்களின் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அந்தக் குவிக் டிக் இல்லாமல் முழு ஃபார்மட் ஓடியிருந்தால் எல்லாவற்றின் மேலும் பூஜ்யம் எழுதியிருக்கும். அழித்த இடத்தைக் காலியென்று டிஸ்க்குக்கே சொல்லிவிடும் டிரிம் வசதியோடு வரும் புதிய டிஸ்க் சிலவற்றில் குவிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அவளுடையது பழைய ரகம்.

முதல் வேலை இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு நகல், எடுப்பது. லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த மீட்பு வேலையும் இந்த நகலில்தான் நடக்க வேண்டும், மூல டிஸ்க்கில் இல்லை. விண்டோஸின் செக்டிஸ்க்கைச் சந்தேகமுள்ள மூல டிஸ்க்கில் ஓட்டுவது பெரிய பாவம்; அது பைலைக் காப்பாற்றுவதற்கு எழுதியதில்லை, அட்டவணையை ஒழுங்குபடுத்துவதற்கு எழுதியது. இமேஜ் முடிந்ததும் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியைப் போட்டுப் பார்த்தேன், பழைய அட்டவணை சிதைந்திருந்தது. பிறகு ஃபோட்டோரெக் என்ற இன்னொரு கருவி. அது பைல்களை அவற்றின் தலைப்பகுதி அடையாளத்தை வைத்தே கண்டுபிடித்து எடுக்கும், ஆனால் பெயர் வராது. வீடியோக்கள் வந்தன, வெறும் எண்களோடு. அந்தப் பெண் கடை மூலையில் ஹெட்போன் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குரலாகக் கேட்டு, இது இந்தப் பாட்டி, இது அந்தத் தாத்தா என்று பெயர் எழுதினாள். சில பதிவுகள் பாதியில் அறுந்திருந்தன. அவற்றை என்னால் ஒட்டவைக்க முடியவில்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்சிலின் ஒரு முனையை டிஸ்க் மூடியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் நல்லது. பீப், பீப் என்று சன்னமாகக் கூவினால் மோட்டார் சுழல முடியாமல் முட்டுகிறது, பெரும்பாலும் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கும். டக், டக் என்று தாளம் தப்பாமல் அடித்தால் ஹெட்டுக்கு வழி தெரியாமல் திரும்பத் திரும்பத் தட்டுத்தடுமாறுகிறது. இந்த இரண்டு சத்தத்துக்கும் நம் மேஜையில் வைத்தியம் இல்லை. உடனே பிடுங்குங்கள். ஹெட் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த ஊர்க் காற்றில் மூடியைத் திறந்தால் உள்ளே போகும் உப்புத் துகள் அந்த ஹெட்டுக்கு முன்னால் குன்று. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு வைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். வெளியே எடுத்ததும் தட்டிலேயே ஈரம் பூத்துவிடும். இந்த மாதிரி டிஸ்க்குக்குத் தூசியில்லா அறை உள்ள ஆய்வகம்தான் இடம். சென்னை, பெங்களூரில் இருக்கின்றன. செலவு அதிகம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆழ்கடல் படகிலிருந்து விழுந்த ஒரு டிஸ்க்கை நான் திறக்க மாட்டேன் என்றபோது அதன் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு போனார். சில மாதம் கழித்து வந்து, ஆய்வகத்தில் பெரும்பகுதி கிடைத்ததைச் சொல்லிவிட்டுப் போனார். வாத்தியாரும் சில செட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "எனக்கு மேல ஒருத்தன் பார்க்கணும், அவனுக்கு மிச்சம் வைக்கணும்ல" என்பார்.

பழகுகிறவர்களுக்கு இன்னொன்று. கேசிங்கைத் திறந்தால் பிரிட்ஜ் போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சில கம்பெனி டிஸ்க்குகளில் அந்தப் போர்டே தகவலைப் பூட்டி எழுதுகிறது. டிஸ்க்கை மட்டும் கழற்றி நேராக சாட்டாவில் போட்டால் வெறும் குப்பையாகத் தெரியும். அதே போர்டு இருந்தால்தான் திறக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்கவும் பழகுங்கள். சி7 எண்ணிக்கை ஏறியிருந்தால் கேபிளையும் தொடும் இடத்தையும் சந்தேகப்படுங்கள். 05, சி5 ஏறியிருந்தால் டிஸ்க்கின் தட்டே போகிறது, பேச்சை நிறுத்திவிட்டு நகல் எடுங்கள்.

டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடற்கரைக்கு டிஸ்க்கைக் கொண்டு போகாதீர்கள். கார்டிலேயே இருக்கட்டும், அறைக்கு வந்து ஏற்றுங்கள். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், கேபிளையும் அதிலேயே வையுங்கள். பிடுங்கும்போது கம்பியை இழுக்காமல் தலையைப் பிடித்து நேராக எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவது நகல் ஒன்று எடுங்கள். அது அதே பீரோவில் இருக்க வேண்டாம், பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மதுரையிலோ பரமக்குடியிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். புதிய டிஸ்க் ஒன்றின் விலை, ஆய்வகத்துக்கு அனுப்பி மீட்கும் செலவில் ஒரு சிறு பங்குதான்.